இசிஎச்எஸ் கார்டு மறுபடியும் ரிஜெக்ட், அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்

பாலக்கோட்டான் (செவ்வாய், இரவு 9.40)
வணக்கம். அம்மாவுக்குப் புது இசிஎச்எஸ் கார்டு (முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்ட அட்டை) போட்டது இரண்டாவது தடவையாக ரிஜெக்ட் ஆகிவிட்டது. கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கேட்கிறார். தங்கச்சி ஸ்காலர்ஷிப்பும் அதே மாதிரி நிற்கிறது. நேரில் போய்க் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் சப்பர் (இரவு 9.58)
தம்பி, அப்பா எந்த ரெஜிமென்ட்? ரேங்க் என்ன? எந்த வருடம் வெளியே வந்தார்? இப்போது இருக்கிறாரா? பென்ஷன் வருகிறதா? ரிஜெக்ட் செய்யும்போது காரணம் ஒரு வரி காட்டியிருக்கும், அதை அப்படியே போடுங்கள்.

ஓசூர் நெட்சென்டர் (இரவு 10.15)
போட்டோவாகத்தான் இருக்கும். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள், அளவு மீறிவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் புதுப் படம் எடுத்து ஏற்றுங்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

ஊத்தங்கரை செல்வம் (இரவு 10.31)
கண்ணுக்கு அவசரம் என்று சொல்லி நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்தால் பில்லைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சுபேதார் ஐயா (புதன், காலை 5.50)
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்தாகிவிட்டது! தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கேட்கிறவருக்கு அப்பாவின் ரேங்க் எழுதத் தோன்றவில்லை. பதில் சொல்கிறவர்களுக்கு விதி தெரியவில்லை. செல்வம், 48 மணி நேர விதி உயிருக்கு ஆபத்தான நிலைக்கு. டாக்டர் தேதி கேட்டுச் செய்கிற கண்புரை எந்தக் காலத்தில் எமர்ஜென்சி ஆனது? அந்த பில் திரும்பி வரும். அதற்கும் கார்டு வேண்டும். ஆளுக்கொரு யோசனை சொல்லி ஒரு குடும்பத்தைக் கடனாளி ஆக்காதீர்கள்.

பாலக்கோட்டான் (காலை 7.05)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். அப்பா ஹவில்தார், 2009-ல் வந்தார். பென்ஷன் ஸ்பார்ஷில் (ராணுவப் பென்ஷன் இணையதளம்) வருகிறது. காது சரியாகக் கேட்காது, அதனால் நான்தான் அலைகிறேன். காரணம்: பெயர் பொருந்தவில்லை. பழைய கார்டில் அம்மா படம் பெயர் எல்லாம் இருந்தது, அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம் சப்பர் (காலை 7.20)
அதுதானே! டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து, அம்மா பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகப் படித்து ஆதாரோடு ஒப்பிடுங்கள். ஸ்பார்ஷில் உள்ளே போய் பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) மனைவி பெயரையும் பாருங்கள். தங்கச்சி பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

பாலக்கோட்டான் (காலை 8.44)
பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் எம் ஏ டி ஏ எம் எம் ஏ. ஆதாரில் எம் ஏ டி எச் ஏ எம் எம் ஏ எல். நடுவில் ஒரு எச், கடைசியில் ஒரு எல். மாதம்மாள் என்று அப்பா சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். பிபிஓவிலும் அதேதான். தங்கச்சி பெயரிலும் ஓர் எழுத்து வேறு, பிறந்த தேதி சரி. இவ்வளவுதானா பிரச்னை?

ஓசூர் நெட்சென்டர் (காலை 9.10)
அப்படியானால் ஆதாரை மாற்றிவிடுங்கள், அதுதான் சுலபம்.

அரூர் அக்கா (காலை 11.25)
ஆதாரை மாற்றாதீர்கள் தம்பி. மாற்றினால் பேங்க், ரேஷன் கார்டு, வோட்டர் அட்டை, நிலப் பத்திரம் எல்லாவற்றுக்கும் பின்னாலேயே ஓட வேண்டும். ராணுவப் பதிவைத் திருத்துங்கள். அதுவும் அப்பா இருக்கும்போதே.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வர எட்டு மாதம் ஆனது. காரணம் இதே மாதிரி ஒரு பெயர்ப் பிழை. அவர் இருந்திருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். அவர் இல்லாமல், நான்தான் அவருடைய மனைவி என்று கல்யாணப் பத்திரிகை முதல் பிள்ளைகளின் பள்ளிச் சான்று வரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்கினேன். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவள், கவுண்டரில் நின்று அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. கார்டு இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, இந்த எழுத்தை முதலில் சரி செய்யுங்கள்.

காவேரிப்பட்டணம் சப்பர் (மதியம் 1.02)
அக்கா சொன்னதைக் கேளுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அப்பா பெயரில் ஓர் அபிடவிட். அதோடு ஆதார், டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல்கள், அப்பா கையெழுத்திட்ட மனு. தர்மபுரியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்கள் மூலமாக அப்பாவின் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். நாளிதழ் விளம்பரம் வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். ரெக்கார்ட்ஸில் பார்ட் டூ ஆர்டர் (பதிவை மாற்றும் உத்தரவு) போட்ட பிறகு பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகத்தில் பிபிஓ திருத்தம் ஆகும். அப்புறம் கார்டு தானாக நகரும்.

ரெஜிமென்ட் இன்னும் சொல்லவில்லை தம்பி. ரெக்கார்ட் ஆபீஸ், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பெங்களூரு என்றால் பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ஓசூர் வழியாகப் போய்விடலாம், நேரில் கொடுப்பது நல்லது.

தங்கச்சி என்ன படிக்கிறாள், எந்த வருடம்?

பாலக்கோட்டான் (மதியம் 1.30)
பிஎஸ்சி நர்சிங், முதல் வருடம். பன்னிரண்டாம் வகுப்பில் 81 சதவீதம்.

அரூர் அக்கா (மதியம் 1.48)
முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் ஸ்காலர்ஷிப்தானே? 60 சதவீதம் போதும், அவளுக்குத் தகுதி இருக்கிறது. பெண்பிள்ளைக்கு மாதம் 3,000, ஆணுக்கு 2,500. ஆனால் முதல் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. கேஎஸ்பி (கேந்திரிய சைனிக் போர்டு) தளத்தில் கடைசித் தேதியை இன்றைக்கே பாருங்கள். அவள் பெயருக்கும் சேர்த்து அபிடவிட் போடுங்கள்.

ஊத்தங்கரை செல்வம் (மதியம் 2.15)
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அப்பாவுக்குக் காது கேட்காது என்கிறாரே, ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாமே? 20 சதவீதம் என்றால் 50 ஆக ஏற்றிக் கொடுப்பார்கள். என் மாமாவுக்கு வந்தது.

சுபேதார் ஐயா (மாலை 4.40)
கேட்டால் கொடுப்பதற்கு இது இலவச வேட்டி இல்லை. வெளியே வரும்போது மெடிக்கல் போர்டில் காது பதிவானதா? 20 சதவீதமாவது போட்டார்களா? சேவையால் வந்தது அல்லது சேவையால் மோசமானது என்று ஒப்புக்கொண்டார்களா? இந்த மூன்றும் தெரியாமல் 50 என்று ஆசை காட்டக் கூடாது.

ஊத்தங்கரை செல்வம் (மாலை 5.05)
2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது ஐயா, ஓய்வு பெற்று வந்தவர்களுக்கும் அந்த உயர்வு உண்டு என்று.

சுபேதார் ஐயா (மாலை 5.30)
அந்தத் தீர்ப்பு, ஊனம் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டவர்களுக்கு. நீங்கள் படிக்க வேண்டியது 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவருக்குப் பிறகு வந்தால், அது சேவையால் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. போர்டு மறுத்திருந்தால் மேல்முறையீடு, அதற்கு மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். போர்டு தாளே இல்லை என்றால் பேச்சு வேறு.

ஊத்தங்கரை செல்வம் (மாலை 5.41)
அதைத்தானே நானும் சொல்கிறேன், கேட்டுப் பார்க்கட்டும் என்று.

காவேரிப்பட்டணம் சப்பர் (மாலை 6.12)
இரண்டு பேரும் சரி, ஆனால் அது இன்றைக்கு இல்லை. அப்பாவின் போர்டு தாளை மட்டும் தேடி எடுத்து வையுங்கள் தம்பி. அவர் கார்டு சரியாக இருந்தால் காதுக் கருவிக்குப் பாலிகிளினிக்கில் எழுதிக் கேளுங்கள், அது இப்போதே முடியும். அம்மா கண்ணுக்குக் காத்திருக்க முடியாது என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கண்புரை இலவசமாகவே செய்கிறார்கள்.

பாலக்கோட்டான் (அடுத்த மாதம் 19, இரவு 8.15)
எல்லோருக்கும் நன்றி. பெங்களூரு போய் மனு கொடுத்தோம், ரசீது கிடைத்தது. அம்மாவுக்கு தர்மபுரியில் வலது கண் முடிந்தது, நன்றாகத் தெரிகிறதாம். தங்கச்சி விண்ணப்பம் அபிடவிட்டோடு போய்விட்டது.

அரூர் அக்கா (இரவு 8.40)
ரசீதைப் பத்திரமாக வையுங்கள், இரண்டு நகல் எடுத்து. அம்மா சொட்டு மருந்தை நேரத்துக்கு விடட்டும். பார்ட் டூ ஆர்டர் வந்ததும் எழுதுங்கள்.

பர்கூர் முருகன் (மூன்று வாரம் கழித்து, காலை 10.22)
அண்ணா, எங்கள் வீட்டிலும் இதே பிரச்னை, அம்மா பெயரில் ஓர் எழுத்து. அபிடவிட்டில் அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டாரா, அம்மாவும் போட்டாரா? ரெக்கார்ட்ஸுக்கு அப்பாவையும் கூட்டிப் போக வேண்டியிருந்ததா?