டால்பினைத் தடவிப் பார்க்கப் பணம் கட்டலாமா?

கடலோடி_டர்பன்:
விடுமுறைக்கு துபாய் போகும் நம் குடும்பங்கள் டால்பினைத் தடவிப் படம் எடுத்து வருகின்றன. 2004-இல் திறந்த, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் உஷாக்கா கடல் பூங்காவிலும் டால்பின் காட்சி உண்டு. காட்சியை விடுங்கள், தொடும் நிகழ்ச்சி எங்கும் நிற்க வேண்டும். பாட்டில்மூக்கு டால்பினின் குளத்துக்கு அமெரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 24 அடி அகலம், 6 அடி ஆழம். எட்டடி நீள விலங்குக்கு மூன்று உடல் நீளத்திலேயே எதிர்ச்சுவர் வந்துவிடும்.

காவேரி:
அண்ணா, அது சட்டத்தின் அடிமட்டம். நல்ல பூங்கா அதோடு நிற்காது. தொடுவதற்கும் முறை இருக்கிறது: மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும், சன்ஸ்கிரீனைக் கழுவ வேண்டும், உள்ளங்கையை விரித்து முதுகையோ விலாவையோ மட்டும் தொட வேண்டும். மூச்சுத்துளை, கண், நெற்றி கூடவே கூடாது. உணவிலும் அதே கவனம்தான். உறைந்த மத்தியும் கானாங்கெளுத்தியும் குளிர்பெட்டியிலேயே உருக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். சில மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதனால் கிலோ மீனுக்கு 25 மில்லிகிராம் தயாமின் (அதே பி1), 100 யூனிட் வைட்டமின் ஈ. மாத்திரையைச் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள். அது தவறினால் நரம்புத் தளர்ச்சி, வலிப்பு. இவ்வளவு பார்க்கிறவர்களைக் கொடுமைக்காரர் என்று சொல்லாதீர்கள்.

கடலோடி_டர்பன்:
கொடுமைக்காரர் என்று சொல்லவில்லை அம்மா. தப்பு ஏற்பாட்டில் இருக்கிறது. டால்பினுக்குப் பிடிக்காவிட்டால் அது விலகிப் போகலாம் என்பார்கள். ஆனால் மீன் வாளி தொடும் மேடைப் பக்கம்தானே இருக்கிறது? வாயைத் திறந்து காட்டுவது, தாடையைப் படார் என்று அடிப்பது, தலையை வெட்டி இழுப்பது, உடலை வளைத்து நிற்பது, இதெல்லாம் எச்சரிக்கை. அந்த நொடியே எல்லாக் கையையும் எடுக்கச் சொல்ல வேண்டும். பார்வையாளர் கண்ணுக்கு அது தெரியாது, சிரிக்கிறது என்று நினைப்பார்கள். அந்தச் சிரிப்பு தாடையின் வடிவம், செத்த டால்பினுக்கும் இருக்கும். வாய்க்குள் சுமார் 80 முதல் 100 பற்கள். இன்னொன்று: விழுந்த நாணயத்தையும் மூக்குக்கண்ணாடியையும் அது விழுங்கிவிடும். அதன் இரைப்பை பல அறைகள் கொண்டது; முதல் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி குறுகல், பொருள் அங்கேயே தங்கிப்போகும்.

செல்வா_பீனிக்ஸ்:
இரண்டு பேரும் குளத்தையே பார்க்கிறீர்கள். டர்பன் கடலில் குளிப்பவர்களைக் காக்க 1952 முதல் சுறா வலை கிடக்கிறது. ஒரு வலை சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், கண்ணி அரை மீட்டர். சிக்கிய டால்பின் மேலே வந்து மூச்சு விட முடியாமல் சாகும். கூன்முதுகு டால்பின் நம் நாட்டுக் கடலில் 500-க்கும் குறைவு, டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே வலைகளில்தான் அது அதிகம் சிக்கிச் செத்திருக்கிறது. வலைக்குப் பதில் தூண்டில் மிதவை (மிதவையில் இரை மாட்டிய தூண்டிலைத் தொங்கவிட்டுச் சுறாவைப் பிடிப்பது) போடச் சொல்லி எத்தனை பேர் கேட்டோம்?

கடலோடி_டர்பன்:
சரியான கேள்வி, தம்பி. மிதவையில் டால்பின் சிக்குவது மிகக் குறைவு, அதைக் கேட்டே ஆக வேண்டும். அதற்காக வலை கொல்வது குளத்துக்கு நியாயம் ஆகாது.

காவேரி:
அப்படியானால் இருப்பவற்றை என்ன செய்வது? பல ஆண்டு குளத்தில் இருந்த கெய்கோ என்ற கொலைத்திமிங்கிலத்தை (அதுவும் டால்பின் குடும்பம்தான்) 2002-இல் கடலில் விட்டார்கள். மனிதரைத் தேடியே நார்வே கரைக்கு வந்தது, 2003 டிசம்பரில் இறந்தது. குளத்தில் பிறந்தவற்றுக்கு வேட்டையே தெரியாது.

கடலோடி_டர்பன்:
விடச் சொல்லவில்லை. கனடா 2019-இல் செய்தது போல இருப்பவை இருக்கட்டும், புதிதாகப் பிடிக்கவும் வேண்டாம், பிறக்கவும் வேண்டாம். ஆணையும் பெண்ணையும் பிரித்தால் போதும். ஆனால் ஓர் ஆணைத் தனியே விடக்கூடாது, கடலில் ஆண்கள் ஜோடி சேர்ந்தே திரிபவை.

காவேரி:
பிரிப்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடும் மேடையை எடுத்தால் அந்த நேரத்தை என்னவாவது நிரப்ப வேண்டும்: ஐஸ் கட்டிக்குள் மீன், உருட்டித் தள்ள மிதவை, நாளுக்கு நாள் மாறும் பயிற்சி. ஒரே பொருளை வாரம் முழுக்கப் போட்டால் இரண்டாம் நாளே சீந்தாது, சுவரோரம் வட்டமடிக்க ஆரம்பித்துவிடும்.