வெளுத்துப்போன தெருப் பலகைக்கு நாமே பெயின்ட் அடிக்கலாமா?

முனைவீட்டுக்காரன்:
எங்கள் தெருமுனையில் இரண்டு பலகைகள். நீல நிறத்தில் தெருப் பெயர், அது பரவாயில்லை. இன்னொன்று எட்டுமூலை 'நில்' பலகை. சிவப்பு முதலில் ரோஸாகி, இப்போது ஏறக்குறைய வெள்ளை. உற்றுப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். வண்டிகள் நிற்காமலே திரும்புகின்றன. புகார் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள் என்று அரை லிட்டர் சிவப்பு எனாமல் வாங்கிவிட்டேன். ஞாயிறு அன்று ஏணி போட்டு அடித்துவிடலாமா? முதலில் உப்புத்தாள் போட வேண்டுமா?

பழைய போர்டுக்காரர்:
தம்பி, டப்பாவைத் திறக்காதீங்க. இருபது வருஷம் போர்டு ஒட்டுற வேலை பார்த்தவன் சொல்றேன்.

அது பெரும்பாலும் பெயின்ட்டே கிடையாது. அலுமினியத் தகடு, மேல வெள்ளை ரிஃப்ளெக்டிவ் ஷீட், அதுக்கும் மேல வெளிச்சம் ஊடுருவுற சிவப்பு மை. ஷீட்டுக்குள்ள பொடிப்பொடியா கண்ணாடி மணி இருக்கும். புது ரகம்னா குட்டிக் குட்டிப் பட்டகம். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்புறது அதுங்கதான். எனாமல் அடிச்சா எல்லாம் மூடிக்கும். பகல்ல பளிச்சுனு இருக்கும், ராத்திரி வெறும் கறுப்புத் தகடு. அதோட, அரசாங்கப் பலகைல கை வைக்கிறது நிறைய இடத்துல சட்டப்படி தப்பு.

வெயில்ல சிவப்புதான் முதல்ல போகும். வெயில்ல வர்ற நீல ஒளியையும் புற ஊதாவையும் உறிஞ்சி உறிஞ்சியே அந்தச் சாயம் சிதையுது. அமெரிக்காவுல 1954 வரைக்கும் ஸ்டாப் போர்டு மஞ்சள்லதான் இருந்தது, வெளுக்காத சிவப்பு கிடைக்காததால. எட்டுமூலை அதுக்கும் முந்தினது. உங்க பலகைல இன்னிக்கு வேலை பார்க்கிறதும் அந்த மூலைங்க மட்டும்தான்.

ராத்திரி முப்பது அடி தள்ளி நின்னு, டார்ச்சைக் கன்னத்தோட ஒட்டி வச்சு அடிச்சுப் பாருங்க. இடுப்புல வச்சு அடிச்சா சரியாத் தெரியாது. வெளிச்சம் திரும்பி வர்ற இடத்துல கண்ணு இருக்கணும்.

கீழ்வீட்டு அக்கா:
எங்க தெருவிலும் பலகை போச்சுன்னுதான் நினைச்சோம். பாதி அழுக்கு, பாதி வேப்பங்கிளை. கிளையை வெட்டினதும் சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதுமா இருந்தது.

பழைய போர்டுக்காரர்:
அக்கா சொல்றது சரி. தின்னர், பெட்ரோல், நார் மட்டும் வேண்டாம், மிச்ச மையும் வந்துடும். தம்பி, பின்பக்கம் ஸ்டிக்கர் இருக்கா பாருங்க, மாட்டின வருஷம் போட்டிருக்கலாம். சாதாரண ரக ஷீட்டுக்கு ஏழு வருஷம்தான் பொதுவா உத்தரவாதம். புகார்ல 'பலகை பழசு'ன்னு எழுதாதீங்க, வரிசைல கடைசிக்குப் போயிடும். 'வண்டி நிக்காம வருது'ன்னு எழுதுங்க.

முனைவீட்டுக்காரன்:
நேற்று ராத்திரி டார்ச் அடித்தேன். நீலப் பலகையில் எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. 'நில்' பலகை அதைவிடப் பிரகாசமாக மின்னியது, ஆனால் முழுக்க வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவும் அப்படியே, வெறும் வெள்ளை எட்டுமூலை. பகலில் எடுத்ததையும் சேர்த்து, கம்பத்து எண்ணோடு அனுப்பியாச்சு. எனாமல் டப்பா வீட்டு கேட்டுக்கு.

பழைய போர்டுக்காரர்:
கேட்டுக்குன்னா கண்டிப்பா உப்புத்தாள் போடணும்.