முன்சீப் நினைவு வளைவுக்கான நிதி குறித்து

நம் மாயூரம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளை பெயரில் நினைவு வளைவு எழுப்ப நிதி கேட்டுச் செயலாளர் அத்தான் அனுப்பிய மடலைப் படித்தேன். அவர் பெயரால் நம் ஊர் எவ்வளவு செய்தாலும் தகும். ஆனால் வளைவுக்கு என்றால் என் பங்கு வராது. அதைத் தனி மடலில் சொல்லாமல் எல்லோர் முன்பும் சொல்வதே முறை என்று எழுதுகிறேன்.

அவர் திருச்சி பக்கத்துக் குளத்தூரில் 1826-இல் பிறந்தவர், நம்மவர் எப்படி ஆவார் என்று துபாய்த் தம்பி கேட்டிருந்தார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் முன்சீப்பாக இருந்துவிட்டு, மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் நீதி வழங்கி, வேலையை விட்ட பிறகும் இங்கேயே தங்கி, நகராட்சித் தலைவராகவும் இருந்து, 1889-இல் மறைந்தவரை வேறு எந்த ஊர்க்காரர் என்று சொல்வது? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சொந்தப் பணத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டி நடத்தியவர் அவர். அதைக் கண்டுதான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். சிவபக்தரான பாரதியார் ஒரு கிறித்தவரைப் பாடினார் என்பதை, சாதி பார்த்துக் கல்வெட்டில் பெயர் பொறித்த தகராறை இன்னும் மறக்காத நம்மில் சிலர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீதிபதியாக அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலாகத் தந்தார். ஆங்கிலம் அறியாத ஒரு குடியானவர், தம் நிலத்தைப் பற்றி மேல்கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்பதை வக்கீலின் தயவில்லாமல் தெரிந்துகொள்ள அது வழி திறந்தது. பெண்கள் படிக்க வேண்டும் என்று 1869-இல் ‘பெண்மதி மாலை’ எழுதியதோடு நில்லாமல், மாயூரத்தில் அவர்களுக்குப் பள்ளியும் தொடங்கினார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, இவற்றை நாம் விட்டுவிட்டோம்.

இனி வருத்தமான செய்தி. மார்கழியில் ஊருக்குப் போன என் சித்தப்பா, நம் சங்கம் கட்டிக்கொடுத்த வாசகசாலையைப் பார்க்கப் போயிருக்கிறார். பூட்டு துருப்பிடித்திருந்ததாம்; ஜன்னல் வழியே பார்த்தபோது அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் கரையான் புற்று ஏறியிருந்ததாம். மாதாமாதம் பராமரிப்புக்கு என்று நாம் அனுப்புகிற தொகை யார் கைக்குப் போகிறது? சென்ற பொதுக்குழுவில் இதைக் கேட்ட என் அண்ணனிடம் “உன் அப்பா தேர்த்திருவிழாக் கணக்கைக் கொடுத்தாரா?” என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். அப்பா கொடுத்தார். அந்த நோட்டு இன்றும் மகாதானத் தெரு வீட்டில் இருக்கிறது. வேண்டுவோர் வந்து பார்க்கலாம்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வளைவு இருக்கிறது, நமக்கு இல்லாதது கௌரவக் குறைச்சல் என்று சிங்கப்பூர் மாமா எழுதியது அவருடைய ஊர்ப்பற்றினால்தான் என்று எனக்குத் தெரியும். என் படிப்புக்கு முதல் பணம் கட்டியவரும் அவரே. அந்த உரிமையில் அவரிடம் கேட்கிறேன்: முன்சீப் பெயரில் ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியைச் சட்டக் கல்லூரியில் படிக்கவைப்போம் மாமா. வாசகசாலையைத் திறந்து, எளிய தமிழில் வந்துள்ள சட்ட நூல்களை வாங்கி வைப்போம்.

வாசகசாலையின் வரவுசெலவுக் கணக்கை ரசீதுகளுடன் பொருளாளர் இந்தக் குழுவில் இட்டதும் வாசகசாலைக்கான என் பங்கை அனுப்புகிறேன். படிப்பு நிதிக்கு என்று தனி வங்கிக் கணக்கு தொடங்கினால், வளைவுக்குக் கேட்ட தொகையின் இரு மடங்கு தரவும் நானும் என் தங்கையும் சம்மதித்திருக்கிறோம்.

அன்புடன்,
மகாதானத் தெரு வீட்டு மூத்த மகள், மஸ்கட்