ஸ்போர்ட் பொத்தானுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? – குடும்பக் குழுவில் ஒரு மாலை உரையாடல்

கதிரவன்: அனைவருக்கும் வணக்கம். புதிய கார் வாங்குவதில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். ஒரே காரின் இரண்டு வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் எஞ்சின் ஒன்றுதான், ஆட்டோமேட்டிக் கியரும் ஒன்றுதான். மேல் வகையில் மட்டும் நின்ற இடத்திலிருந்து காரை விரைவாகப் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில்கள், ஓடும்போதே இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்கள், பின் சக்கரங்களும் திரும்பும் வசதி, முன் கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே, 19 அங்குலச் சக்கரங்கள் ஆகியவை கூடுதலாக வருகின்றன. அலுவலகம் போய் வருவதற்கும், விடுமுறையில் எல்லோருமாக வெளியூர் போவதற்கும்தான் எனக்குக் கார் வேண்டும். இவற்றுக்காக அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா? இளங்கோ சித்தப்பாவும் அமுதன் அண்ணனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அமுதன்: என்னைக் கேட்டால் மேல் வகையையே வாங்கு என்பேன், கதிர். பந்தயத் தடத்தில் பிறந்தவைதான் பின்னால் சாலைக்கு வந்து நம்மைக் காப்பாற்றுகின்றன. 1953-இல் பிரான்சில் நடந்த லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் கார் டிஸ்க் பிரேக்குகளுடன் ஓடி வென்றது. இன்று சாதாரணச் சிறிய காரில்கூட முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்தான் இருக்கிறது. நீ சொல்கிற பேடில் கியரும் அப்படித்தான். 1989-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 காரில் அது ஃபார்முலா 1 பந்தயத்துக்கு வந்தது, நைஜல் மான்செல் அந்தக் காரின் முதல் பந்தயத்தையே பிரேசிலில் வென்றார். இன்றைக்கு ஆடம்பரமாகத் தெரிவது நாளைக்கு எல்லாக் காரிலும் இருக்கும்.

இளங்கோ: அமுதா, நீ சொன்ன இரண்டு வரலாறும் சரியானவை. ஆனால் டிஸ்க் பிரேக் ஏன் சாலையில் நிலைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் பயனைப் பெற ஓட்டுபவர் வேகமாகப் போக வேண்டியதில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, அப்படி ஒன்று தன் காரில் இருக்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்கும்போது பழைய டிரம் பிரேக்கைவிட விரைவாகச் சூடு ஆறித் தன் வேலையைச் செய்கிறது. நம் உயிரை அதிகம் காக்கும் மின்னணுக் கருவிகளைப் பார்த்தால், அவை பந்தயத்திலிருந்து வந்தவையும் அல்ல. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் முன்னோடி 1950-களில் விமானச் சக்கரங்களுக்காக உருவானது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காருக்கு வந்தது. வழுக்கும்போது காரை நேராக்கும் ஈஎஸ்சி 1995-இல் அதே நிறுவனங்களின் வழியாகவே வந்தது. ஃபார்முலா 1 பந்தயமோ 1994-இலிருந்து ஏபிஎஸ்ஸைத் தடை செய்தே வைத்திருக்கிறது, ஏனென்றால் அங்கே ஓட்டுநரின் திறமையைச் சோதிக்க வேண்டும். சாலையில் அவருடைய களைப்பையும் கவனக்குறைவையும் ஈடுகட்ட வேண்டும். ஆகவே கதிர், ஒவ்வொரு கருவியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வியைக் கேள்: நான் எதையும் எதிர்பாராமல் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது எனக்கு உதவுமா, அல்லது நான் எல்லைவரை விரட்டினால்தான் உதவுமா?

கதிரவன்: அப்படியென்றால் லாஞ்ச் கன்ட்ரோலிலிருந்தே தொடங்குங்கள், சித்தப்பா. விற்பனையாளர் அதைத்தான் முதலில் காட்டினார்.

இளங்கோ: அது உனக்கு வேண்டாம். இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, வலது காலால் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தால், எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் காத்து நிற்கும். பிரேக்கை விட்டதும் சக்கரம் வீணாகச் சுழலாத அளவுக்குச் சக்தியை அளந்து கொடுத்து கார் பாயும். சக்தியை அளந்து கொடுக்கும் கணக்கு மிக நேர்த்தியானது, மறுக்கவில்லை. ஆனால் சிக்னலில் முன்னும் பின்னும் வண்டி நிற்க, குறுக்கே ஆட்கள் நடக்க, அதைச் சாலையில் எங்கே பயன்படுத்துவாய்? கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சுத்தண்டு எல்லாவற்றின் மீதும் அந்தச் சில நொடிகளில் விழும் சுமை, சாதாரண ஓட்டத்தில் அவை ஒருபோதும் காணாத சுமை.

அமுதன்: லாஞ்ச் கன்ட்ரோலை நானும் விட்டுக்கொடுக்கிறேன். பேடில்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். மலைப்பாதையில் நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது, கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலே ஒரு கியர் குறைத்து எஞ்சினின் தடையிலேயே காரைப் பிடித்து வைக்கலாம். பிரேக் சூடேறி மிதி பலமிழக்கும் ஆபத்து அதனால் வெகுவாகக் குறைகிறது.

இளங்கோ: இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பேடிலின் உண்மையான பயன் கியரைக் கூட்டுவதில் இல்லை, குறைப்பதில்தான் இருக்கிறது. பல மின்சாரக் கார்களில் இதே பேடில், காலை எடுத்தவுடன் மோட்டார் எவ்வளவு பலமாகக் காரை நிறுத்தி மின்சாரத்தை மீட்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கிறது. அதுவும் அன்றாடம் பயன்படுகிற வேலைதான். ஆனால் கதிர் பார்த்திருக்கும் கீழ் வகையில், கியர் நெம்புகோலையே ஒரு பக்கம் தள்ளி வைத்துக் கியரைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் இறக்கத்துக்கு அதுவே போதும்.

மலர்விழி: ஹெட்-அப் டிஸ்ப்ளே பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் காரில் அது இருக்கிறது. அதுவும் போர் விமானங்களிலிருந்து வந்ததுதான். ஆனால் இளங்கோ சித்தப்பா கேட்கச் சொன்ன கேள்விக்கு அது நன்றாகவே விடை சொல்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கார் ஒரு நொடியில் 20 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த ஒரு நொடி என் கண் கீழே மீட்டரைப் பார்த்திருக்கும். இப்போது வேகமும், அடுத்த திருப்பத்துக்கான அம்புக்குறியும் பானெட்டின் முனைக்கு மேலே மிதப்பது போலத் தெரிகின்றன. பார்வையைச் சாலையிலிருந்து இறக்காமலே படித்துவிடுகிறேன். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்தால் அந்த எழுத்து மங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

தேவகி: நான் கார் ஓட்டுவதில்லை, பின் இருக்கையில்தான் உட்காருகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தம்பி. அமுதன் காரில் வரும்போது சாலையில் உள்ள ஒவ்வொரு சிறு வெடிப்பும் முதுகில் தெரிகிறது. மலர்விழி காரில் அப்படித் தெரிவதில்லை. அந்த மாறும் ஷாக் அப்சார்பர் என்பது இதற்கு உதவுமா?

இளங்கோ: உதவும், அக்கா. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டீர்கள். அவற்றில் ஒரு வகையில், எண்ணெய்க்குள் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் துகள்கள் வரிசைகட்டி நிற்க, எண்ணெய் சில மில்லி நொடிகளில் கெட்டிப்படும். 2002-இல் கேடிலாக் செவில் காரில் இது முதன்முதலாக வந்தது. வேறு சிலவற்றில் எண்ணெய் பாயும் துளையை ஒரு வால்வு பெரிதாக்கிச் சிறிதாக்கும். எதுவானாலும் பள்ளத்தில் மென்மையாகவும், திடீரென்று ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இறுக்கமாகவும் தானாகவே மாறுவதுதான் இதன் அழகு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காருக்கும் ஒருவர் மட்டும் ஓட்டும் காருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இது நன்றாகச் சமாளிக்கிறது.

ஆனால் பலர், பொத்தானை அழுத்தி ஷாக் அப்சார்பரை இறுக்கும் ஸ்போர்ட் நிலை என்றால் எப்போதும் பிடிமானம் கூடும் என்று நம்புகிறார்கள். பந்தயத் தடம் போன்ற வழவழப்பான தரையில் அது உண்மை. மேடுபள்ளமான சாலையிலோ இறுகிய ஷாக் அப்சார்பர் டயரைத் தரையோடு ஒட்டி ஓட விடாமல் துள்ள வைக்கிறது. துள்ளும் டயருக்குப் பிடிமானம் இல்லை. மோசமான சாலையில் மென்மையான நிலையே பாதுகாப்பான நிலையும்கூட. இன்னொன்றும் உண்டு: பழுதானால் சாதாரண ஷாக் அப்சார்பரைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும், எனவே காரைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அமுதன்: அத்தை, என் காரின் குலுக்கலுக்கு ஷாக் அப்சார்பரைவிடச் சக்கரங்கள்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சக்கரம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் உயரம் குறைகிறது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள நடுவில் காற்றும் ரப்பரும் குறைவாகவே இருக்கின்றன.

இளங்கோ: அதேதான். ஆழமான பள்ளத்தில் மெல்லிய டயர் நசுங்கி ரிம் நேரடியாக அடி வாங்கும். ரிம் வளையும், சில நேரங்களில் பக்கச்சுவரில் கொப்புளம் போலப் புடைத்து டயரையே மாற்ற வேண்டிவரும். கதிர், 19 அங்குலத்தை விட்டுவிடு. அந்தக் காருக்கு உற்பத்தியாளர் அனுமதித்திருக்கும் சிறிய அளவையே வாங்கு.

மலர்விழி: பின் சக்கரம் திரும்புவது எப்படி? பெயரைக் கேட்டால் பந்தய வசதி போலத்தான் இருக்கிறது.

இளங்கோ: பெயர் அப்படி, பயன் வேறு. ஹோண்டா 1987-இலேயே பிரெலூட் காரில் இதைக் கொடுத்தது. வேகமாகப் போகும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் திரும்பும் திசையிலேயே சிறிது திரும்பி, தடம் மாறும்போது காரை நிலையாக வைக்கின்றன. மெதுவாகப் போகும்போது எதிர்த் திசையில் திரும்பிக் காரைச் சிறிய வட்டத்துக்குள் சுழல வைக்கின்றன. மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் போன்ற ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள காரில் பின் சக்கரங்கள் 10 டிகிரி வரை திரும்புகின்றன. அவ்வளவு பெரிய காரைத் தரைத்தள நிறுத்துமிடத்தின் தூண்களுக்கிடையே ஒரே முறையில் திருப்ப முடிவது அதனால்தான். உன் கார் நாலரை மீட்டர்கூட இல்லை, கதிர். அதற்கு வேண்டாம்.

கதிரவன்: என் நண்பர் ஒருவர் வேறொரு வழி சொல்கிறார். கீழ் வகையை வாங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியை மாட்டிக்கொண்டால் கார் மேல் வகையைவிட விறுவிறுப்பாகிவிடும் என்கிறார்.

இளங்கோ: அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போதைய காரில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இழுப்பு இல்லை. மிதியில் உள்ள சென்சார்கள் மிதித்த அளவை மின்னழுத்தமாக அனுப்புகின்றன. மாட்டப்படும் பெட்டி நடுவில் நின்று அந்த எண்ணை மாற்றுகிறது. நீ 30 விழுக்காடு மிதித்தால், 60 விழுக்காடு மிதித்ததாக எஞ்சினிடம் சொல்கிறது. முழுவதும் மிதித்தால் முன்பு கிடைத்த அதே சக்திதான், ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. பல கார்களில் ஸ்போர்ட் பொத்தான் செய்யும் வேலையிலும் பெரும்பகுதி இதுவே. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது மிதி இப்படித் துடித்தால் காரை மென்மையாக நகர்த்துவதே கடினமாகும். வாரண்டிச் சிக்கலும் வரலாம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, எஞ்சினை ஏமாற்றி உண்மையாகவே சக்தியைக் கூட்டும் பெட்டிகள் வேறு; அவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாட்டவே கூடாது.

அமுதன்: நானும் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். சில கார்களில் ஸ்போர்ட் அல்லது டிராக் நிலைக்குப் போனால் ஈஎஸ்சி தளர்ந்துவிடும் அல்லது முழுவதும் அணைந்துவிடும். தடத்தில் சுற்றும்போது அது வேண்டும். மழையில் வீடு திரும்பும்போது அதே நிலையில் விட்டுவிட்டால் ஆபத்து. எந்தக் காரை வாங்கினாலும் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடு, கதிர்.

கதிரவன்: கட்டாயம் படிக்கிறேன், அண்ணா. கார்பன் செராமிக் பிரேக் என்று ஒன்றையும் விற்பனையாளர் சொன்னார்; அது தனியாகச் சேர்த்துக்கொள்ளக்கூடியது.

இளங்கோ: ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்தும்போது காரை நிறுத்துவது டயர்தான். சாதாரண பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் பலம் கொண்டது. அதனால்தான் ஏபிஎஸ் குறுக்கிட்டுத் தளர்த்த வேண்டியிருக்கிறது. செராமிக் பிரேக்கின் பலம், சுற்றுக்குச் சுற்று கடுமையாகப் பிடித்தாலும் வெப்பத்தில் தளராமல் இருப்பதிலும் எடை குறைவிலும் இருக்கிறது. சாலையில் ஓட்டும் உனக்கு அந்தப் பணம் நல்ல டயரில் போகட்டும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் நடக்கின்றன. பல நாடுகளில் டயரின் மேல் உள்ள பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டர் ஆழம் ஆகும்வரை தேயச் சட்டம் அனுமதிக்கிறது. மழைக்காலத்தில் நான் 3 மில்லிமீட்டருக்குக் கீழே விடமாட்டேன், ஏனென்றால் அதற்குக் கீழே தண்ணீரை வெளியேற்றும் திறன் வேகமாகக் குறைகிறது.

கதிரவன்: அப்படியானால் கீழ் வகையையே எடுக்கிறேன், அதில் 17 அங்குலச் சக்கரங்கள் வருகின்றன. ஹெட்-அப் டிஸ்ப்ளேயையும் மாறும் ஷாக் அப்சார்பரையும் தனியாகச் சேர்க்க முடியும் என்று விலைப்பட்டியலில் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் என் கைக்கு எட்டும்.

தேவகி: ஷாக் அப்சார்பரை எடு, கண்ணா. பின்னால் உட்காரும் எங்களையும் நினைத்துக்கொள்.

மலர்விழி: நான் டிஸ்ப்ளேயைப் பரிந்துரைத்தாலும், அத்தை சொல்வதற்கே வாக்களிக்கிறேன். ஆண்டுக்குப் பல முறை முழுச் சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்கள் நீங்கள்.

இளங்கோ: அதுவே சரி. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்த ஷாக் அப்சார்பர் உள்ள காரையும் இல்லாத காரையும் ஒரே மோசமான சாலையில், அக்காவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து ஓட்டிப் பார். வேறுபாடு தெரியவில்லை என்று அவர் சொன்னால் வாங்காதே.

கதிரவன்: சனிக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு போகிறேன். கடைசியாக ஒன்று, சித்தப்பா: கிடங்கில் நெடுநாள் நின்ற காரைக் கொடுத்துவிட்டால் டயர் பழையதாக இருக்குமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இளங்கோ: டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையைத் தேடு. அதன் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். வெளிப்பக்கத்தில் முழு எண் இல்லாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும், குனிந்து பார். நான்கு டயர்களையும் பார், ஸ்டெப்னியையும் விட்டுவிடாதே.