இன்செப்ஷன் பம்பரம்: சரியான அளவு யாரிடமாவது இருக்கிறதா?

லேத்துக்காரர் மகள்:

வணக்கம். ஒரு சின்னப் பொருளுக்காக ஒரு வருடமாக அலைகிறேன். ‘இன்செப்ஷன்’ படத்தில் டிகாப்ரியோ பையில் போட்டுக்கொண்டே திரிவாரே, அந்த உலோகப் பம்பரம்.

2010-இல் படம் வந்தபோது எனக்குக் கல்லூரியில் கடைசி வருடம். ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் பம்பரம் லேசாகத் தடுமாறுகிறது, திரை கறுத்துவிடுகிறது. மற்ற ஐந்து பேரும் அது கனவா நிஜமா என்று விடிய விடியச் சண்டை போட்டார்கள். நான் பட்டறையில் வளர்ந்தவள். அவ்வளவு மெல்லிய காம்பை வளையாமல் எப்படிக் கடைந்தார்கள் என்பதிலேயே எனக்கு யோசனை நின்றுவிட்டது.

இப்போது மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மேசையில் வைத்துக்கொள்ள ஒன்று இருக்கட்டும் என்று ஆரம்பித்து, இதுவரை மூன்று வாங்கியாயிற்று. முதலாவது 349 ரூபாய். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி மேலே நிக்கல் பூசியிருக்கிறார்கள். இடுப்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடு நகத்தில் தட்டுகிறது. சுற்றிவிட்டால், கல்யாண வீட்டுக்குக் காலையிலேயே குடித்துவிட்டு வந்த மாமா மாதிரி ஆடுகிறது. இரண்டாவது பித்தளை. படத்தில் இருப்பது வெள்ளி நிறம் என்பதைக்கூடக் கவனிக்காமல் ‘அப்படியே படத்தில் உள்ளது’ என்று எழுதி விற்கிறார்கள். மூன்றாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1,450 ரூபாய். வேலையைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் காம்பு குட்டையும் தடியுமாக இருக்கிறது. தனியாகப் பார்த்தால் தெரியாது, படத்தை நிறுத்திப் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும்.

சரி, வாங்கிப் பயனில்லை, கடைந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்பா கே.புதூர் தொழிற்பேட்டையில் 31 வருடம் லேத் ஓட்டியவர். பட்டறையை மூடிய பிறகு ஒரே ஒரு நாலரை அடி லேத்தை மட்டும் ஊமச்சிகுளம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறார். மூன்று பம்பரத்தையும் அவர் முன்னால் வைத்து, “இது மாதிரி, ஆனா இது இல்லப்பா” என்றேன். வெர்னியரை எடுத்து மூன்றையும் அளந்தார். “டிராயிங் எங்கே?” என்றார். போனில் படத்தை நிறுத்திக் காட்டினேன். “இது போட்டோ. நான் டிராயிங் கேட்டேன்.” அத்தோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன். விட்டம், மொத்த உயரம், காம்பின் கனம், அடிக் கூம்பின் கோணம் இந்த நான்கும் நம்பிக்கையாக யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் படத்திலிருந்து எடுக்க வழி உண்டா?

சும்மா ஒரு ஆள்:

அக்கா, சித்திரைத் திருவிழாவில் தமுக்கம் பக்கம் போனால் மரப் பம்பரமே கிடைக்குமே, சாட்டையோடு சேர்த்து. ஆக்கர் வாங்கினாலும் தாங்கும்.

அப்புறம் ஒன்று. படத்தில் கனவா நிஜமா என்று சோதிக்க ஆளுக்கொரு சின்னப் பொருள் வைத்திருப்பார்கள், அதுதான் டோட்டம். அதன் எடையும் பிடிமானமும் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரிய வேண்டும். டிகாப்ரியோவின் கூட்டாளி ஆர்தர் தன் பகடையைத் தொடக்கூட விடமாட்டான். நீங்கள் ஊரைக் கூட்டி அளவு கேட்கிறீர்கள்!

ஃப்ரேம் எண்ணுகிறவன்:

மேடம், யாராவது மில்லிமீட்டர் கணக்கில் அளவு சொன்னால் அதை எங்கிருந்து எடுத்தார் என்று முதலில் கேளுங்கள். நான் இறக்கிப் பார்த்த இரண்டு வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை.

இதில் ஸ்டார் வார்ஸ் ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். 1977 படத்தில் லூக் வைத்திருக்கும் ஒளிவாளின் பிடி, பழைய பத்திரிகைக்காரர்களின் கிராஃப்ளெக்ஸ் கேமராவில் மாட்டும் ஃப்ளாஷின் கைப்பிடிதான். 1999-இல் வந்த படத்தில் குவை-கான் பேசும் கருவி, பெண்களுக்கான ஜில்லெட் சென்சார் எக்செல் ரேசரின் பிடியை அச்செடுத்துச் செய்தது. அசல் பொருளையே கண்டுபிடித்துக் கையில் எடுத்தால் அளவுத் தகராறே கிடையாது. கடையில் வாங்காமல் படத்துக்கென்றே செய்த பொருளுக்கு அந்த வழி கிடையாது. போதாததற்கு, சின்னப் பொருள்களைப் படப்பிடிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் செய்து வைப்பது வழக்கம். எந்தப் பிரதிக்கு ‘சரியான அளவு’ என்பதே ஒரு கேள்வி.

ஆனால் பம்பரத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அது கடைந்த பொருள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிக்கோடு ஒன்றுதான். அதனால் மில்லிமீட்டரை மறந்துவிட்டு விகிதங்களை மட்டும் எடுங்கள். விட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டு உயரம் எவ்வளவு, காம்பு எவ்வளவு என்று பாருங்கள். கீழே கிடக்கிற காட்சி வேண்டாம், சாய்ந்திருக்கும். நேராக நின்று சுற்றுகிற காட்சியை எடுங்கள். வேகமாகச் சுற்றும்போது ஒளித்தெறிப்பு எல்லாம் கரைந்து வெளிக்கோடு மட்டும் தெளிவாக நிற்கும். தள்ளாட ஆரம்பித்த பிறகு எடுத்தால் காம்பு உள்ளதைவிடத் தடியாகத் தெரியும். நீங்கள் வாங்கிய மூன்றாவது பம்பரம் அப்படிப் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது கேமரா. அது மேசைக்குச் சற்று மேலிருந்துதான் பார்க்கும். எவ்வளவு மேலிருந்து என்பதைப் பம்பரமே காட்டிக் கொடுக்கும். வட்டமான விளிம்பு நீள்வட்டமாகத் தெரிகிறதல்லவா? அதன் குட்டை அச்சை நெட்டை அச்சால் வகுத்தால் வருவதுதான் கோணத்தின் சைன். உதாரணத்துக்கு, நெட்டை அச்சு 200 புள்ளி, குட்டை அச்சு 52 என்றால் 0.26 வரும். கேமரா 15 டிகிரி மேலே இருக்கிறது. அகலம் மாறாது, உயரம் மட்டும் குறைந்து தெரியும். அளந்த உயரத்தை 15 டிகிரியின் கொசைன் 0.966-ஆல் வகுத்தால் உண்மையான உயரம்.

மொத்தப் பருமனுக்கு, விரலுக்கு நடுவில் பிடித்திருக்கும் காட்சிதான் கதி. ஆரம்பத்தில் கிழட்டு சைட்டோவிடம் துப்பாக்கியையும் பம்பரத்தையும் காட்டுவார்களே, அதில் துப்பாக்கியை அளவுகோலாக வைக்கலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் கணக்கு ஓடிவிடும். விரலை வைத்துச் செய்தாலும் பத்துக்கு ஒன்று பிழை வரும். அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

கப்பலூர் டர்னர்:

பாப்பா, அளவெல்லாம் அந்தத் தம்பி சொல்லிவிட்டார். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எடுத்தால் டூல் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் இறுகிவிடும், அப்புறம் டூல்தான் மழுங்கும். முதலில் இ.என். 8 (சாதா கார்பன் ஸ்டீல்) ராடில் ஒன்று போட்டுப் பார்க்கட்டும். துருப்பிடிக்கும், பரவாயில்லை, சோதனைக்குத்தானே. முக்கியமானது, முனையும் விளிம்பும் ஒரே பிடியில் முடிய வேண்டும். கழற்றித் திருப்பி மூன்று தாடை சக்கில் (லேத்தில் ராடைப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் பத்தில் ஒரு மில்லி எங்கேயாவது தள்ளி உட்காரும். கண்ணுக்குத் தெரியாது, சுற்றினால் தெரியும். உங்கள் கல்யாண வீட்டு மாமா அங்கேதான் பிறக்கிறார். திருப்பிப் பிடித்தே தீர வேண்டும் என்றால் காலெட் (சுற்றிலும் ஒரே சீராக இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான்கு தாடையில் மாட்டி டயல் கேஜ் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காம்பைக் கடைசியில் கடையக் கூடாது. ராடு கனமாக இருக்கும்போதே, கூரான டூலில், கொஞ்சம் கொஞ்சமாக.

நீண்ட நேரம் சுற்ற வேண்டுமென்றால் முனையில் ஒரு பேரிங் குண்டு பதிக்கலாம். எடை விளிம்பில் இருக்க வேண்டும், அடியில் தாழ்ந்து இருக்க வேண்டும். சவரக் கண்ணாடியின் முகம் பெரிதாகத் தெரிகிற பக்கத்தில் விட்டால் நடுவிலேயே நின்று சுற்றும், ஓடாது.

லேத்துக்காரர் மகள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆடித் தள்ளுபடி, கடையில் மூச்சு விட நேரமில்லை.

ஃப்ரேம் அண்ணே, உங்கள் கணக்குப்படி ஐந்து ஃப்ரேம் எடுத்தேன். நான்கு ஃப்ரேமில் காம்பின் விகிதம் ஒரே மாதிரி வந்தது. ஐந்தாவதில் மட்டும் தடியாக வந்தது. திரும்பப் பார்த்தால் அது தள்ளாட ஆரம்பித்த பிறகு எடுத்தது. விட்டத்தை 28 மில்லி என்று வைத்துக்கொண்டேன். இது என் முடிவு, விரலைப் பார்த்து எடுத்தது. யாரும் இதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராஃப் தாளில் பத்து மடங்கு பெரிதாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “இப்ப சொல்லு” என்றார்.

முதல் துண்டில் காம்பு வளைந்துவிட்டது. இரண்டாவதைத் திருப்பி மாட்டியதில் மாமா வந்துவிட்டார். டர்னர் அண்ணன் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “எனக்குத் தெரியாதா” என்று சொல்லிவிட்டு மறுநாள் காலெட் வாங்கி வந்தார். மூன்றாவது இ.என். 8-இல் சரியாக வந்தது, நான்காவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.

தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன். 30 கிராம். “மூணே முக்கால் பவுன் கனம் இருக்கு, எதுக்கும்மா இது?” என்றார் அங்கே இருந்தவர். சொல்லத் தெரியவில்லை. (சும்மா தம்பி, ஆமாம், எடையை ஊருக்கே சொல்லிவிட்டேன்.)

படத்தை நிறுத்திப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இந்த முறை உறுத்தவில்லை. மேலே பளபளப்பு மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. எமரித் தாளில் அடக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் ஒரு நிமிடம் 35 நொடி சுற்றுகிறது. கடையில் வாங்கிய ஸ்டீல் பம்பரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். காரணம் தெரிந்ததுதான். மெல்லிய காம்பில் விரல் வழுக்குகிறது, முனையில் குண்டும் இல்லை. குண்டு வைக்கிறேன் என்று அப்பா இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். படத்தில் இருக்கிற மாதிரி தெரியவில்லை, வேண்டாம் என்றேன். “சுத்தாத பம்பரத்தை என்ன பண்ணப் போற?” என்றார். மேசையில் வைத்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்கு ஒரு பார்வை பார்த்தார், அதை எழுத முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் சத்தம் கேட்டுப் போனால், அவர் தனக்கென்று ஒன்று கடைந்துகொண்டிருக்கிறார். தடிக் காம்பு, கனமான விளிம்பு, முனையில் பேரிங் குண்டு. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சவரக் கண்ணாடியில் நான்கு நிமிடம் 20 நொடி ஓடியது. இப்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. எடை எவ்வளவுப்பா என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.