கல்கரியிலிருந்து ஸ்காபரோவுக்கு ஆர்.வி.யில் போகிறோம்: மாமிக்குச் சரிவருமா?

கல்கரிக்காரி:

வணக்கம். வருகிற யூலை கடைசியில் ஸ்காபரோவில் என் அண்ணாவின் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் வேலைக்காகக் கல்கரிக்கு வந்தவர்கள். சொந்தபந்தம் முழுக்க இன்னும் மார்க்கம் வீதியைச் சுற்றித்தான் இருக்கிறது. விமானத்தில் ஏறினால் நாலு மணித்தியால வேலை, ஆனால் மாமிக்குக் காதில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, இப்போதைக்குப் பறக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. பேத்திக்குத் தாலி ஏறுவதைப் பார்க்காமல் இருக்கமாட்டேன் என்கிறார் (முறைப்படி பேத்தி இல்லை, ஆனால் அப்படித்தான் வளர்த்தார்).

அதனால் இவர் ஆர்.வி. (கட்டில், குசினி எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்று வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். நான், இவர், மாமி, பிள்ளைகள் இரண்டு பேர். கூகிள் 3,400 கிலோமீற்றர் காட்டுகிறது. நாளுக்கு 700 வீதம் ஓடினால் ஐந்து நாளில் போய்விடலாம், மாமி பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டே வரலாம் என்பது இவருடைய கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவுக்குள்ளால் போனால் சுகமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? யாராவது ஓடினவர்கள் சொல்லுங்கள்.

மோல்வேர்ன் சந்தி:

ஏன் இவ்வளவு கஷ்டம்? மாமியை ரயிலில் ஏற்றிவிட்டு நீங்கள் விமானத்தில் வாருங்கோ.

பதினெட்டுச் சில்லு:

ரயில் கல்கரிக்கு வருவதில்லை தம்பி. வான்கூவர்-ரொறன்ரோ ரயில் 1990இலேயே எட்மன்ரன் பக்கம் மாறிவிட்டது. காது சரியில்லாத மனுசியை எட்மன்ரன் வரை கொண்டுபோய்த் தனியாக ஏற்றிவிடச் சொல்கிறீரா?

தங்கச்சி, நான் இந்தப் பாதையில் பல வருசம் ட்ரக் ஓடியவன், இப்போது ஓய்வு. உங்கள் வீட்டுக்காரர் கோபிக்கக்கூடாது, ஆனால் நாளுக்கு 700 என்பது ட்ரக் ஓடுகிற எங்கள் ஆட்களின் கணக்கு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. அதுவும் 3,400ஐ ஐந்தால் பிரிக்கிற பாதை இல்லை இது. மனிதோபா முடியும் வரை ஒரு றோட்டு, ஒன்ராறியோவுக்குள் நுழைந்த பிறகு வேறு றோட்டு.

கல்கரியிலிருந்து ரெஜைனா 760 கிலோமீற்றர், அங்கிருந்து வின்னிபெக் 570 சொச்சம். போக இரண்டு, வர இரண்டு என்று பிரித்துப் போட்ட நேரான றோட்டு, சஸ்காச்சுவானில் 110இல் போகலாம். அங்கே வேண்டுமானால் நீட்டி ஓடுங்கள். காற்றை மட்டும் கவனியுங்கள். ஆர்.வி. உயரமான பெட்டி, பக்கக் காற்று தள்ளும். பெரிய ட்ரக் முந்திப் போகும்போது ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு மூஸ்ஜோவில் பெரிய மூஸ் (பெரிய காட்டு மான் இனம்) சிலை இருக்கிறது, படம் எடுக்கலாம்.

கெனோரா தாண்டினால் கதை மாறிவிடும். ஒன்ராறியோவின் 17ஆம் நெடுஞ்சாலை பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. வேகம் 90. கோடையில்தான் றோட்டு வேலையும் நடக்கும், ஒற்றை வழியில் கொடிக்காரருக்காக நிற்க வேண்டி வரும். உங்களுக்குப் பின்னால் பத்து வாகனம் சேர்ந்தால் பதற வேண்டாம், முந்துகிற பாதை வரும், அங்கே வலப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

தண்டர் பேயிலிருந்து சூ சென் மேரி வரை 700 கிலோமீற்றர், சுப்பீரியர் ஏரியைச் சுற்றி. இதை ஒரே நாளில் ஓட நினைக்காதீர்கள். ஏற்றம், இறக்கம், வளைவு. மொன்றியல் ரிவர் இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிவிடும், கியரைக் குறைத்து இறக்குங்கள். வாவாவுக்கும் சூவுக்கும் இடையில் 225 கிலோமீற்றர், நீண்ட தூரத்துக்குப் போன் வேலை செய்யாது. வரைபடத்தை முதலே இறக்கி வையுங்கள். பாதித் தாங்கிக்கு மேல் பெற்றோல் இல்லாமல் வாவாவை விட்டு வெளிக்கிட வேண்டாம். ஆர்.வி. 100 கிலோமீற்றருக்கு 20-25 லீற்றர் குடிக்கும், ஒரு வழிக்கே 700 லீற்றருக்கு மேல் போகும்.

பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் ஓடவே வேண்டாம். மூஸ் கறுப்பு, உயரம். கண் நம் லைற் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மான் போல மினுங்காது. கால்தான் முதலில் தெரியும், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். எட்டு மணிக்கு வெளிக்கிட்டு மூன்று, நாலு மணிக்கு நிறுத்துங்கள்.

நானாக இருந்தால் எட்டு நாள் எடுப்பேன். ரெஜைனா, வின்னிபெக், ட்ரைடன், ககபேகா, வைற் ரிவர், அகாவா பே, சட்பெரி, பிறகு உங்கள் அண்ணா வீடு. ககபேகாவில் 40 மீற்றர் நீர்வீழ்ச்சி, வாகனத்தை நிறுத்தினால் மாமி கொஞ்ச தூரம் நடந்தே பார்க்கலாம். தண்டர் பே தாண்டியதும் ரெறி ஃபொக்ஸ் சிலை, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க ஒரு செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே ஓட வெளிக்கிட்ட பெடியன். செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் ஓடுகிற பிள்ளைகள் அல்லவா, அவர் 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி ஓட்டத்தை நிறுத்திய இடம் அந்தப் பக்கம்தான் என்று காட்டுங்கள். அகாவா பேயில் கூடாரப் பூங்கா ஏரிக்கரையிலேயே இருக்கிறது. ஒன்ராறியோ பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு திறக்கும், யூலைக்கு இப்போதே பாருங்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டு வருவதை மறந்துவிடுங்கள். ஓடும்போது எல்லோரும் பெல்ற் போட்டுத்தான் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்க முன் எத்தனை இருக்கையில் பெல்ற் இருக்கிறது, மாமிக்கு முன்பக்கம் பார்த்த இருக்கை கிடைக்குமா என்று போய்ப் பாருங்கள். படியையும் அவரை ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆர்.வி. படி உயரம்.

அமெரிக்கா வேண்டாம். மாமியிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட் என்றால் விசா எடுக்கவே கல்யாணம் முடிந்துவிடும்.

ரெஜைனா வீட்டுக்காரி:

அண்ணை றோட்டைச் சொல்லிவிட்டார், நான் குசினியைச் சொல்கிறேன். நாங்கள் ஒவ்வொரு கோடையும் ஆர்.வி. எடுக்கிறவர்கள்.

வண்டிக்குள் மீன் பொரிக்காதீர்கள்! மெத்தை, திரை எல்லாம் பிடித்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கும்போது துப்பரவுக் காசு தனியாகக் கேட்பார்கள். தாளிப்பது, பொரிப்பது எல்லாம் வெளியில் சின்ன காஸ் அடுப்பில். சுப்பீரியர் பக்கம் கரடி உலாவும் இடம். சட்டி பானையை உடனே கழுவி உள்ளே வைத்துவிடுங்கள், கருவாட்டைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பிரிட்ஜை முதல் நாளே போட்டுவிடுங்கள், குளிராகப் பல மணித்தியாலம் எடுக்கும். கோழிக்கறி, ஆட்டுக்கறி இரண்டையும் நல்ல வரட்டலாகக் காய்ச்சி, ஒவ்வொரு வேளைக்கு அளவாகப் பையில் போட்டு உறையவைத்து எடுத்துப் போங்கள். இடியப்ப மாவும் உரலும் கொண்டுபோனால் நீங்கள்தான் சாவீர்கள். பாண், ரொட்டி, சம்பல் போதும். அரிசி கழுவிய தண்ணீர், குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே தாங்கியில்தான் சேரும், நினைப்பதைவிடக் கெதியாக நிரம்பும். எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

கழிவுத் தாங்கி வெறுமையாக்கும் வேலையை உங்கள் இவரிடம் கொடுங்கள். ஐந்து நாள் கணக்குப் போட்டவர் அவர்தானே.

மோல்வேர்ன் சந்தி:

சரி, ரயில் யோசனை வாபஸ். ஆனால் ஸ்காபரோவுக்கு வந்த பிறகு ஆர்.வி.யை எங்கே விடப்போகிறீர்கள்? ரொறன்ரோ தெருவில் பலகை இல்லாவிட்டாலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்த முடியாது. அண்ணா வீட்டு முற்றத்தில் விட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்குப் போன் போட்டுவிடுவார். பிராம்ப்டன் பக்கம் கிளேர்வில்லில் முகாம் இடம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு அண்ணாவைக் காரில் வந்து ஏற்றச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் சும்மா நிற்கிற மருமக்கள் யாராவது இருப்பார்கள்.

கல்கரிக்காரி:

மூன்று பேருக்கும் நன்றி. அண்ணை எழுதியதை அப்படியே இவருக்கு வாசித்துக் காட்டினேன். மூஸின் கால் வந்த இடத்தில் ஐந்து நாள் எட்டு நாளாகிவிட்டது. பெல்ற் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்க்கப்போகிறோம்.

இன்னொரு கேள்வி. மாமி பட்டுச் சேலைகளை மடிக்க விடமாட்டேன் என்கிறார். எங்கே தொங்கவிடுவது?

ரெஜைனா வீட்டுக்காரி:

குளிக்கிற பெட்டிக்குள். முகாம்களில் குளியலறை உண்டு, ஆர்.வி.க்குள் யாரும் குளிக்கப்போவதில்லை. ஒரு கம்பியைக் குறுக்கே கொடுத்து, சேலைகளைப் பழைய படுக்கை விரிப்பால் மூடிக் கட்டிவிடுங்கள். கதவைப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் காலைக் கழுவப் போய்விடுவார்கள்.