ஆறு பேர், சூரிச் முதல் ரோம் வரை: ரயிலா, வாடகைக் காரா?

மன்னார்குடி:
மே மாதம் 12 நாள் பயணம். சூரிச்சில் இறங்கி ரோமில் விமானம் ஏறுவது. பெரியவர்கள் நாலு பேர், அதில் அப்பாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் 9, 13 வயது. ஏழு சீட் காரை மொத்த நாளுக்கும் எடுத்துவிடலாமா, ரயில்தான் நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம்:
சார், ஆளை எண்ணும் முன் பெட்டியை எண்ணுங்கள். ஏழு சீட் என்றதும் நம் மனதில் இன்னோவாதான் வரும். வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகும்போது மேலே கேரியரில் பெட்டியைக் கட்டிவிடுகிறோம். அங்கே வாடகைக் காரில் கேரியர் இருக்காது. மூன்றாவது வரிசை சீட்டை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் இரண்டு மூன்று சின்னப் பைகளுக்குத்தான் இடம். ஆறு பேரும் ஆறு பெட்டியும் என்றால் ஒன்பது சீட் வேன் வேண்டும். வேன்களில் கியர் வண்டியே அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே குறிப்பிட்டுப் பதிவு செய்யவேண்டும். வேனின் உயரம் 2 மீட்டரை நெருங்கும். பல பார்க்கிங் கட்டடங்களின் உயர வரம்பும் அதை ஒட்டியே இருப்பதால் நுழைவிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விடுவதற்கான கட்டணம். சூரிச்சில் எடுத்து ரோமில் விட்டால் வாடகைக்கு மேல் இது தனி. பல நூறு யூரோ ஆகிவிடும். இணையத்தில் முதலில் காட்டும் நாள் வாடகையில் இது தெரியாது. கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

உங்கள் வழிக்கு என் கணக்கு: சுவிட்சர்லாந்து முழுக்க ரயில், இத்தாலிய நகரங்களுக்கும் ரயில். ஃப்ளாரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி வட்டாரத்தின் கிராமங்கள் பார்க்க ஆசை இருந்தால் அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கார், அதுவும் பெரிய பெட்டிகளை ஃப்ளாரன்ஸில் வைத்துவிட்டு. ‘ரயிலா காரா’ என்று பயணம் முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக எடுங்கள்.

தஞ்சாவூர்:
சுவிஸ் பகுதியை நான் விரிக்கிறேன். சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும். பாஸ் எடுக்கும்போதே ஃபேமிலி கார்டும் கேளுங்கள். பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது இலவசம், ஆக நாலு பாஸில் ஆறு பேர் போகலாம். ரயில், ஏரிப் படகு, ஊருக்குள் ஓடும் பஸ், ரிகி மலை ரயில் எல்லாம் அதில் அடங்கும். யுங்ஃப்ராவ்யோக் என்னும் பனிமலை ரயில் நிலையம் மட்டும் முழுதாக அடங்காது. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதம் தள்ளுபடி. மலைக்காட்சிக்கென்றே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரயில்கள் இரண்டுக்கும் பாஸ் இருந்தாலும் சீட் முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும்.

சாதாரண ரயில் டிக்கெட்டில் சீட் எண்ணே கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. என்ற பேச்சே இல்லை, ஏறிக் காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். தடுமாறும் இடம் வேறு. இன்டர்லாகன் ஓஸ்ட்டிலிருந்து கிளம்பும் மலை ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கும் மறு பாதி லவுட்டர்புரூன்னனுக்கும் போகும். ஒரே பிளாட்பாரம், ஒரே ரயில் என்று ஏறினால் பாதிப் பேர் வேறு பள்ளத்தாக்கில் இறங்குவார்கள். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

காருக்கு எதிராக இன்னொரு காரணம், மே மாதம். ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் போன்ற உயரமான மலைப்பாதைகள் பனியால் பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும். ரயிலுக்குச் சுரங்கப்பாதை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ட்ஸெர்மாட், வெங்கன், முர்ரன் ஊர்களுக்குள் வெளியார் காரே போக முடியாது. ட்ஸெர்மாட்டுக்குக் கார் கொண்டுபோனாலும் பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயில்தான் ஏறவேண்டும். வாடகையும் பார்க்கிங்கும் கொடுத்துவிட்டு டிக்கெட்டும் எடுக்கவா?

மன்னார்குடி:
நன்றி சார். அப்பாவின் முழங்காலுக்கு ரயில் ஒத்துவருமா?

தஞ்சாவூர்:
வரும், மாறும் இடத்தில் நேரம் விட்டால். சுவிஸ் ரயில்வே ஆப் 5, 6 நிமிட இணைப்பைக்கூடக் காட்டும். அதை விட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள், பெரும்பாலான வழிகளில் அரை மணி அல்லது ஒரு மணிக்கு ஒன்று உண்டு. இரட்டைமாடி ரயிலில் கீழ்த்தளத்திலேயே உட்காருங்கள். இத்தாலியில் ஃப்ரெச்சாரோஸா என்னும் அதிவேக ரயிலில் ஏறப் படிகள் உண்டு. சாலா ப்ளூ என்ற உதவிப் பிரிவில் முன்கூட்டியே சொன்னால் சக்கர நாற்காலியும் ஏற்றிவிடும் லிஃப்ட்டும் இலவசமாகக் கிடைக்கும். போர்ட்டர் இருப்பார் என்று நம்ப வேண்டாம். ஒருவர் தானே தூக்கக்கூடிய பெட்டிதான் அவருடைய பெட்டி.

சூரிச்–மிலான் ரயிலுக்குச் சுவிஸ் பாஸ் எல்லை ஊரான கியாஸோ வரைதான். அதற்கு மேல் டிக்கெட்டும் கட்டாய முன்பதிவும் தனி. இத்தாலிய அதிவேக ரயில்களில் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், ஆகவே தேதி உறுதியானதும் எடுத்துவிடுங்கள். குறைந்த விலை டிக்கெட்டில் ரயிலைத் தவறவிட்டால் பணம் போனதுதான். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை பதிக்கவேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

மயிலாடுதுறை:
டஸ்கனிக்குக் கார் எடுப்பதானால், அண்ணே, வேலை ஊரிலேயே தொடங்குகிறது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஆர்.டி.ஓ.வில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், பயணத் தேதிக்கு முன் நாள் விட்டு விண்ணப்பியுங்கள். இங்குள்ள அசல் லைசென்ஸையும் சேர்த்துக் காட்டவேண்டும், அனுமதி மட்டும் போதாது.

ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கவேண்டும். அப்பாவின் கார்டு, மகன் ஓட்டுவது என்றால் கவுன்டரில் சாவி தரமாட்டார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் ஏற்பதில்லை. முன்பணமாக ஒரு தொகையை அந்தக் கார்டில் முடக்குவார்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, கார்டின் வரம்பையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அடிப்படைக் காப்பீட்டில் ஒரு தொகை வரை சேதம் நம் தலையில்தான். டயர், கண்ணாடி, அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும், சக்கர விளிம்பும், பெட்ரோல் அளவும் தெரிய வீடியோ எடுங்கள். பிள்ளைகளுக்கு இத்தாலியில் 150 செ.மீ. உயரம் வரை தனி சீட் கட்டாயம், அதற்கும் நாள் வாடகை உண்டு.

இத்தாலியில் நம்மவர்கள் மாட்டுவது இசட்.டி.எல். என்னும், அனுமதியில்லாத கார் நுழையக்கூடாத பழைய நகரப் பகுதிக் கட்டுப்பாட்டில். அதன் பலகை வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, மேலே கேமரா. யாரும் நிறுத்தமாட்டார்கள், நம்பர் பிளேட் படமாகும். வாடகை நிறுவனம் விவரம் கொடுத்ததற்கு முதலில் கார்டில் ஒரு கட்டணம் எடுக்கும், அபராதம் பிறகு தபாலில் வீட்டுக்கே வரும். வெளிநாட்டவருக்கு 360 நாள் வரை அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. வேறு வேறு நாளில் இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம். மேப் செயலி இதைத் தவிர்க்கும் என்று நம்பாதீர்கள். ஃப்ளாரன்ஸில் ஊருக்குள் இருக்கும் கிளையை விட்டுவிட்டு விமான நிலையத்தில் கார் எடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து டி2 டிராமில் 20 நிமிடம்தான். சியனாவிலும் சான் ஜிமிக்னானோவிலும் மதிலுக்கு வெளியே பார்க்கிங் உண்டு, அங்கேயே நிறுத்துங்கள்.

டோல் சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்டுவது முறை. சீட்டைத் தொலைத்தால் ஆகத் தொலைவான நுழைவிலிருந்து கணக்கிடுவார்கள். நம் ஃபாஸ்டேக் போன்ற டெலிபாஸ் வைத்திருப்பவர்களுக்கான மஞ்சள் வரிசைக்குள் போகாதீர்கள். பங்கில் பச்சைக் குழாயில் ‘பென்சினா’ என்றிருப்பது பெட்ரோல், ‘கசோலியோ’ டீசல். வலப்பக்கம் ஓட்டும் பழக்கத்துக்கு முதல் நாள் நெடுந்தூரம் வேண்டாம். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்கே முதல் வழி, இதை ஓட்டுபவர் பக்கத்தில் உட்காருபவரும் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லவேண்டும்.

நாகப்பட்டினம்:
ஜப்பான் யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ரயிலில் சுற்றுவதற்கான ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ–கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000 யென், போய்வர 28,000. அந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் எடுப்பது நஷ்டம். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு அந்த வழியில் ஓடும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் தனி இடம் முன்பதிவு செய்யவேண்டும். அல்லது பெட்டியைக் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பலாம், பெரும்பாலும் மறுநாள் சேரும். வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குக் கார் பொருத்தம், ஓட்டுவதும் நம்மைப் போல இடப்பக்கம்.

திருச்சி:
திருச்சியிலிருந்து நேரே கோலாலம்பூர் போகிறவர்களும் இதே கேள்வி கேட்கிறார்கள். ஈப்போ, பட்டர்வொர்த் வரை இ.டி.எஸ். என்னும் மின்சார விரைவு ரயில் சுகம், பினாங்குக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி. கேமரன் மலைக்கு ரயில் இல்லை, அங்கே கார் எடுங்கள். டோலுக்கு முன்கூட்டிப் பணம் ஏற்றிய டச் அண்ட் கோ கார்டு வேண்டும். வார இறுதிக்கும் பண்டிகைக்கும் இ.டி.எஸ். டிக்கெட் தீர்ந்துவிடும்.

கும்பகோணம்:
மன்னார்குடி சார், இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் சட்டப்படி ஓடியாகவேண்டும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே ரோமுக்கு வந்துசேரும்படி டிக்கெட் போடுங்கள்.